வெளுத்த மயில்துத்தம்

வாய் ஒரு பக்கம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் கை தன் வேலையைத் தப்பாமல் பார்க்கும் என்பது பூவம்மாவின் பெருமைகளில் ஒன்று. கெர்பாவ் ரோட்டில் அதை மறுத்துப் பேச ஆள் கிடையாது. மறுத்தால் அந்த வாய் தங்கள் பக்கம் திரும்பிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும். அப்படிப்பட்ட பூவம்மாவே, 1962 டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, தன் கை தன்னை ஏமாற்றிவிட்டதோ என்று நடுங்கிப் போனாள். பிறகு அதை அவளே சொல்லிச் சிரித்தாள் என்பது வேறு விஷயம். அன்றைக்கு மத்தியானம் வரை சிரிப்பு வருகிற நிலைமை இல்லை.

அவள் கணவர் செல்லக்கண்ணுவின் நாட்டு மருந்துக் கடை அந்தத் தெருவில்தான் இருந்தது. முன்பக்கம் கடை, பின்னாலும் மேலேயும் வீடு. கீழே மூன்று அறை, மாடியில் இரண்டு அறை, அறைக்கு இரண்டு கட்டில். கீழே ஓர் அறையில் செல்லக்கண்ணுவும் பூவம்மாவும். மற்ற இரண்டிலும் துறைமுகத்தில் வேலை செய்யும் நால்வர் குடியிருந்தார்கள். மாடியில் ஓர் அறை உர்சுலா டீச்சருக்கும் அவள் தாயார் அந்தோனியம்மாளுக்கும். இன்னோர் அறையில் ஒரே ஒருவர்தான். அவரோடு இருந்தவர் கல்யாணம் பண்ணிக்கொண்டு புதிய அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டதால் ஒரு கட்டில் காலியாகக் கிடந்தது. கீழே சாக்கடை நாற்றத்தில் படுத்திருந்த நால்வருக்கும் அந்தக் கட்டில்மேல் கண். தினம் ஒருவர் வந்து பூவம்மாவிடம் கெஞ்சுவார். பார்க்கலாம், பார்க்கலாம் என்று அவளும் இழுத்தடித்துக்கொண்டிருந்தாள். கெஞ்ச நாலு பேர் இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது.

கடையில் துத்தம் இரண்டு வகை. மயில்துத்தம் என்பது மயில் கழுத்துப்போல நீலமாகப் பளபளக்கும் கல், செம்பிலிருந்து வருவது. புண்ணுக்கும் படைக்கும் மேல்பூச்சாக மட்டுமே கொடுப்பார்கள், கண் பக்கம் கொண்டுபோகக் கூடாது. பால்துத்தம் வெள்ளைப் பொடி; துத்தநாகத்திலிருந்து வருவது. அதில் துளியூண்டு எடுத்துப் பன்னீரில் கரைத்தால் கண்வலிக்குச் சொட்டு மருந்து. இந்த இரண்டின்மேலும் செல்லக்கண்ணு பெயர் எழுதி ஒட்டியதே இல்லை. நீலம் நீலமாக இருக்கிறது, வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, இதில் எழுத என்ன இருக்கிறது என்பது அவர் வாதம்.

வியாழக்கிழமை அவர் தம்பி வீட்டுக் காதுகுத்துக்காக ஜொகூர் பாருவுக்குக் கிளம்பினார். போகும்போது மயில்துத்தத்தைச் சுத்தி செய்து வைக்கச் சொல்லிவிட்டுப் போனார். சுத்தி என்றால் மண்சட்டியில் போட்டு வறுப்பது. எப்போதும் அவரே வறுத்து, வறுத்த கையோடு எண்ணெயில் குழைத்துக் களிம்பாக்கிவிடுவார். பூவம்மா தனியாகச் செய்தது அதுதான் முதல் தடவை. அடுப்பில் வைத்ததும் கல் படபடவென்று வெடித்தது. நீலம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடிப்போய், கடைசியில் சட்டியில் வெள்ளை வெளேரென்று பொடி கிடந்தது. அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. விஷமெல்லாம் நீங்கிவிட்டது என்று நினைத்தாள். வெள்ளை என்றால் சுத்தம் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகமும் கிடையாது.

பள்ளி விடுமுறையில் வீட்டோடு இருந்த உர்சுலா அப்போது மாடிப்படியில் இறங்கி வந்தாள். பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள். சட்டியை எட்டிப் பார்த்து, "செம்பு அதுல அப்படியேதான் இருக்குக்கா. தண்ணி மட்டுந்தான் போயிருக்கு," என்றாள்.

"சட்டியில நான் தண்ணியே ஊத்தலையே டீச்சர், எங்கேருந்து போகும்?" என்று மடக்கிவிட்டுப் பூவம்மா தன் வேலையைப் பார்த்தாள். காலி பால்மாவு டின் ஒன்றில் பொடியைக் கொட்டி, இறுக மூடி, அலமாரியில் வைத்தாள். பக்கத்தில் பால்துத்தம் இருந்ததும் அதேமாதிரி ஒரு பால்மாவு டின்தான்.

மறுநாள் காலையில் முதலில் வந்தவர் பால்காரர் கோவிந்தசாமி. காலில் ஆறாத புண். பூவம்மா வறுத்த துத்தத்தை எண்ணெயில் குழைப்பதற்காக டின்னை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குழைக்கும்போதே, "பால்ல தண்ணி கலக்கறீங்களா, இல்ல தண்ணியில பாலைக் கலக்கறீங்களா?" என்று ஆரம்பித்துவைத்தாள். கோவிந்தசாமியும் லேசுப்பட்டவர் இல்லை. தன் மாட்டின்மேல் சத்தியம் செய்தார். மாடு பாவம், அது என்ன செய்யும் என்று இவள் கேட்டாள். அந்த நேரம் பார்த்து ஒலி முகம்மது வலது கண்ணைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வந்து நின்றார்.

ஒலி முகம்மது கடிகாரம் பழுது பார்ப்பவர். சிராங்கூன் ரோட்டில், கடைகளின் முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதையில், ஒரு கண்ணாடிப் பெட்டியும் முக்காலியும் போட்டிருந்தார். அவருக்கு இடது கண் சிறு வயதிலிருந்தே மங்கல். பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு எள்ளளவு திருகாணியைத் தேடிப் பிடிப்பது வலது கண்தான். வீட்டில் ஏழு பேருக்குச் சோறு போட்டதும் அந்த ஒரு கண்தான். அதில்தான் இப்போது கண்வலி வந்து சிவந்து கிடந்தது.

"ராத்திரி பூரா மணல் போட்ட மாதிரி உறுத்துது தங்கச்சி. ஏதாச்சும் மருந்து குடுங்க," என்றார்.

பூவம்மா எழுந்துபோய் டின்னை எடுத்தாள். மருந்துக் குப்பிகளைச் செல்லக்கண்ணு பழைய போத்தல்காரரிடம் வாங்குவார். எல்லாம் கருநீலக் கண்ணாடி. ஒரு குப்பியில் பன்னீரை ஊற்றி, பொடியைச் சிட்டிகை போட்டுக் குலுக்கினாள். குலுக்கும்போதும் வாய் பால்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தது. ஒலி முகம்மது குப்பியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "ஜும்மா தொழுகைக்குப் போறதுக்கு முன்னால ஒரு சொட்டு விட்டுக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். பால்காரரும் களிம்போடு வண்டியை மிதித்துக்கொண்டு பொத்தோங் பாசிர் பக்கம் போய்விட்டார். சண்டையில் தான் ஜெயித்ததாகவே பூவம்மா எண்ணிக்கொண்டாள்.

அதன் பிறகும் ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். உச்சி வெயிலில் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் ஈரத்துணியை எடுத்து மேசையைத் துடைத்தாள். துணியைப் பிழியப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். துணியில் நீலம். மேசையில் சிந்தியிருந்த வெள்ளைப் பொடி ஈரம் பட்ட இடமெல்லாம் நீலமாகித் திட்டுத் திட்டாகத் தெரிந்தது. அலமாரியைப் பார்த்தாள். இரண்டு டின்னும் திறந்தபடி பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டிலும் வெள்ளைப் பொடி. களிம்புக்கு எதை எடுத்தோம், கண்ணுக்கு எதை எடுத்தோம் என்று யோசித்தாள். மாட்டின்மேல் கோவிந்தசாமி செய்த சத்தியம் வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வந்தது. கை எந்த டின்னுக்குள் போனது என்பது மட்டும் வரவில்லை.

"டீச்சர்!" என்று அவள் போட்ட கூச்சலில் உர்சுலா செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தாள்.

"அந்தப் பொடி திரும்பவும் நீலமாயிடுச்சு டீச்சர். பாய் கண்ணுக்கு எதைக் குடுத்தேன்னு தெரியலையே. ஐயோ, ஒத்தக் கண்ணை வச்சுப் பொழைக்கிற மனுஷன்!"

உர்சுலா துணியைப் பார்த்தாள், டின்களைப் பார்த்தாள். "குடுக்கும்போது குப்பியில நீலம் தெரிஞ்சுச்சா?"

"குப்பியே நீலம்!"

உர்சுலாவுக்கும் முகம் மாறிவிட்டது. ஆனால் அவள் நிதானக்காரி. "முதல்ல அவரைப் பிடிப்போம். இன்னும் விடாம இருந்தா பிரச்சினையே இல்லலா," என்று சொல்லிச் செருப்பை மாட்டினாள். கடையை அந்தோனியம்மாள் பார்த்துக்கொள்ள இருவரும் தெருவில் இறங்கினார்கள்.

பூவம்மா தெருவில் ஓடி யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். ஒலி முகம்மதுவின் பெட்டி துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தவள், "பாய் இப்பதான் பள்ளிவாசலுக்குப் போனாரு," என்றாள். பள்ளிவாசல் இருந்த டன்லப் ஸ்திரீட்டுக்குப் போய்ச் சேரும்போது தொழுகை தொடங்கிவிட்டது. வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே போய்க் கூப்பிட முடியாது. இருவரும் எதிர்ப்பக்க நடைபாதை நிழலில் நின்றார்கள்.

பூவம்மாவுக்கு நிற்க முடியவில்லை. ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, "வெளுத்துப் போச்சே டீச்சர், விஷம் போயிடுச்சுன்னுதானே நெனச்சேன். நீலம் எங்க போச்சு, திரும்ப எங்கேருந்து வந்துச்சு?" என்றாள்.

அவளைப் பேசவைத்தால் மயங்கி விழமாட்டாள் என்று உர்சுலா நினைத்தாள். அது நல்ல எண்ணம்தான்.

"நம்ம வீட்டையே எடுத்துக்குங்கக்கா. கீழ மூணு ரூம், மேல ரெண்டு. கட்டில் பத்து. ஆளு எத்தனை?"

"ஒம்பது. அதுக்கு இப்ப என்ன?"

"செம்புலயும் அதே கதைதான். எலெக்ட்ரான்னு குட்டிக் குட்டி ஆளுங்க. பத்துப் பேர் இருக்கக்கூடிய எடத்துல ஒம்பது பேரு. மேல ஒரு எடம் காலி. கீழ இருக்கறவனுக்கு மேல போகணும். சும்மா போக முடியாது, ஏறத் தெம்பு வேணும். அந்தத் தெம்பை அவன் வெளிச்சத்துலேருந்து எடுத்துக்குவான். வெயில் வெளிச்சத்துல எல்லா நிறமும் கலந்துதான் இருக்கு. அதுல சிவப்புப் பங்கை அவன் எடுத்துக்கிட்டா மிச்சம் நம்ம கண்ணுக்கு நீலமாத் தெரியும்."

பூவம்மா பயத்திலும் கணக்கில் கெட்டிக்காரி. மாடிக் கட்டிலுக்காகத் தன்னைப் பிடுங்கி எடுக்கும் நால்வரும் கண்முன் வந்து நின்றார்கள். "அப்ப பால்துத்தம்?"

"துத்தநாகத்துல பத்துக் கட்டிலுக்கும் பத்து ஆளு. வீடு ஃபுல். யாரும் எங்கயும் ஏற முடியாது. வெளிச்சத்தைத் தொடவே மாட்டாங்க. வந்த வெளிச்சம் வந்தபடியே போயிடும். அதான் கரைச்சாலும் நிறமே கிடையாது."

"சரி, நேத்து நான் வறுத்தப்போ நீலம் போச்சே. காலிக் கட்டிலுக்கு ஆள் வந்துட்டானா?"

உர்சுலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். வகுப்பில் ஒரு மாணவியும் இதைக் கேட்டதில்லை. "இல்லக்கா, ஆளு அதே ஒம்பதுதான். அந்தக் கல்லுக்குள்ளயே தண்ணி இருக்கு, நம்ம கண்ணுக்குத் தெரியாது. செம்பை நெருங்கிச் சுத்தி நிக்கும். மாடியை அவ்வளவு உயரத்துல தூக்கி வச்சிருக்கறது அந்தத் தண்ணிதான். வறுத்தா தண்ணி போயிடும், மாடி தாழ்ந்துடும். தாழ்ந்த மாடிக்கு ஏறக் கொஞ்சம் தெம்பு போதும். அதுக்கு அவன் எடுத்துக்கற வெளிச்சம் நம்ம கண்ணுக்கே படாது, அடுப்பு வெக்கை மாதிரி. நாம பாக்கற வெளிச்சத்துல ஒண்ணும் குறையாததால வெள்ளையாத் தெரியுது. ஒரு சொட்டு ஈரம் பட்டாப் போதும், மாடி பழையபடி உயர்ந்துடும்."

"அப்ப வெள்ளையா இருந்தாலும் அது செம்புதானா? அதே விஷந்தானா?"

"அதேதான்," என்றாள் உர்சுலா. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பூவம்மா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். அன்று காலை வரை வெள்ளையை நம்பியவள். பாய் கண்ணிலும்தான் ஈரம் இருக்கிறது என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. முருகா, அது பால்துத்தமாக இருக்கட்டும், இனிமேல் யாரோடும் சண்டைக்குப் போகமாட்டேன் என்று வேண்டிக்கொண்டாள். வேண்டும்போதே, அது முடிகிற காரியமா என்ற கவலையும் வந்தது.

தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. வெள்ளைத் தொப்பிகளுக்கு நடுவே ஒலி முகம்மது கண்ணைச் சுருக்கிக்கொண்டு செருப்பைத் தேடுவது தெரிந்தது. பூவம்மா ஆண்கள் கூட்டம் என்றும் பார்க்காமல் குறுக்கே புகுந்தாள்.

"பாய், மருந்து விட்டுட்டீங்களா?"

"ஓ, தொழுகைக்கு ஒளு செஞ்சு முகம் கழுவினதுமே விட்டுட்டேன். என்னமா எரியுது! நல்ல மருந்துதான் போல."

அவ்வளவுதான். பூவம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். தொழுதுவிட்டு வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உர்சுலா விஷயத்தை நாலே வார்த்தையில் சொல்லி, அவரைக் குழாயடிக்குக் கூட்டிப்போய், கண்ணைத் திறந்து வைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் கழுவினார். கழுவிக் கழுவிச் சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. பிறகு குப்பியை வாங்கி உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். தண்ணீர்போல இருந்தது.

"நீலமே இல்லையே டீச்சர்!" பூவம்மாவுக்கு உயிர் பாதி வந்தது.

"ரெண்டு சொட்டுல செம்பு இருந்தாலும் இப்படித்தான் இருக்கும், தண்ணி மாதிரி. அமோனியா ஒரு சொட்டு விட்டா உடனே தெரிஞ்சிடும். செம்புன்னா கருநீலமாயிடும், ஏமாத்தவே முடியாது. ஆனா ஸ்கூல் லேப் பூட்டிக் கிடக்கே."

"அமோனியான்னா?"

"காட்டமா ஒரு வாடை வரும்க்கா. மயக்கம் போட்டவங்க மூக்குல காட்டுவாங்களே..."

பூவம்மா அழுகையை நிறுத்தினாள். "நவச்சாரத்தையும் வெத்தலைச் சுண்ணாம்பையும் சேத்துக் குலுக்கினா வருமே, அதுவா?"

"அதேதான்!" என்று உர்சுலா நடுத்தெருவில் கத்தினாள். "அக்கா, அது ரெண்டும் உங்க கடையிலேயே இருக்கு!"

மூவரும் கெர்பாவ் ரோட்டுக்குத் திரும்பினார்கள். நீலமானால் நேரே டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரி என்று உர்சுலா வழியிலேயே சொல்லிவிட்டாள். ஒலி முகம்மது கடை முக்காலியில் ஈரக் கைக்குட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். பூவம்மா நவச்சாரத்தை இடித்து, சுண்ணாம்பும் தண்ணீரும் சேர்த்து ஒரு போத்தலில் அடைத்துக் குலுக்கினாள். தெளிவதற்காகக் கொஞ்சம் வைத்துவிட்டு மூடியைத் திறந்ததும் வாடை மூக்கைத் துளைத்தது. அந்தோனியம்மாள் செபமாலையோடு மாடிக்கே போய்விட்டாள்.

"இருக்கற கண்ணையும் இதை வச்சே முடிச்சுடாதீங்க," என்றார் ஒலி முகம்மது. யாரும் சிரிக்கவில்லை.

உர்சுலா இரண்டு கண்ணாடித் தம்ளர்களை எடுத்துவைத்தாள். முதல் தம்ளரில் தண்ணீர் விட்டு, வறுத்த பொடியில் ஒரு சிட்டிகை போட்டாள். தண்ணீர் இளநீலமானது. அதில் போத்தலின் தெளிந்த நீரை விட்டதும் கலங்கி, மறு கரண்டிக்குக் கண்ணைப் பறிக்கிற கருநீலமாகிவிட்டது. கல்யாணப் பட்டுச் சேலையில்கூடப் பூவம்மா அப்படியொரு நீலத்தைப் பார்த்ததில்லை. அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்க்க அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

"அமோனியா மாடியை இன்னும் உயரமாத் தூக்கிடும். செம்புன்னா இந்த மாதிரிதான் வரும். இப்ப பாயோட மருந்து," என்றாள் உர்சுலா.

குப்பியிலிருந்து கொஞ்சம் மருந்தை இரண்டாவது தம்ளரில் ஊற்றினாள். அடியில் வெள்ளைத் தட்டு வைத்தாள். ஒரு கரண்டி விட்டாள். தெளிவாக இருந்த மருந்துக்குள் புகைபோல ஏதோ திரண்டது.

"என்னமோ வருது! டீச்சர், என்னமோ வருது!" பூவம்மா மேசையைப் பிடித்துக்கொண்டாள். ஒலி முகம்மது முக்காலியிலிருந்து எழுந்துவிட்டார். உர்சுலாவின் உதடு செபம் சொல்வதுபோல அசைந்தது. இன்னொரு கரண்டி விட்டாள். பிறகு இன்னொன்று. திரண்டது வெள்ளையாகவே சுழன்று, மெலிந்து, கலைந்து, எங்கே போயிற்று என்று தெரியாமல் மறைந்தது. தம்ளரின் அடியில் தட்டின் பூப்போட்ட விளிம்பு துல்லியமாகத் தெரிந்தது. ஒரு துளி நீலம் இல்லை. இன்னும் கொஞ்சம் விட்டுப் பார்த்தாள். இல்லை. வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அப்போதும் இல்லை.

"பால்துத்தம்தான்க்கா. வீடு ஃபுல்," என்றாள் உர்சுலா. சொல்லிவிட்டுத் தானும் பூவம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

பூவம்மாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. "என் வயித்துல பாலை வார்த்தீங்க டீச்சர்," என்றாள்.

"எந்தப் பாலு? கோவிந்தசாமி பாலா, நல்ல பாலா?" என்றார் ஒலி முகம்மது.

இந்தத் தடவை மூவரும் சிரித்தார்கள். பூவம்மா சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியதும் அவளுக்குப் பசி தெரிந்தது. எல்லாருக்கும் தேநீர் போட்டாள், நேற்றைய முறுக்கை எடுத்துவைத்தாள், இரண்டு தம்ளரையும் பலமுறை கழுவினாள். களிம்புக்கு எடுத்தபோதுதான் வறுத்த பொடி மேசையில் சிந்தியிருக்கிறது என்று இப்போது புரிந்தது. கை தப்புச் செய்யவில்லை. ஆனாலும் அந்தக் கையை நம்பி இனிமேல் சண்டை போடுவதில்லை என்று தனக்குள் முடிவு செய்துகொண்டாள். சண்டையை விடுவதாக அல்ல. மருந்து எடுக்கும்போது மட்டும் விடுவதாக.

அடுத்து அவள் செய்த காரியத்தை உர்சுலா எதிர்பார்க்கவில்லை. வறுத்த துத்தம் இருந்த டின்னை எடுத்து, அதற்குள் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டாள். வெள்ளைப் பொடி சூடாகி, புசுபுசுவென்று குடித்து, நீலக் கூழாக மாறியது.

"அக்கா, அண்ணன் வந்து ஏசப் போறாரு!"

"ஏசட்டும். அது என்னன்னு அதோட மூஞ்சியிலயே தெரியணும். வறுக்கறதுன்னா அவரே வறுத்து அவரே குழைக்கட்டும்." பிறகு பால்துத்த டின்னில் ஒரு காகிதத்தை ஒட்டிக் கொட்டை எழுத்தில் பெயரை எழுதினாள். எழுதிக்கொண்டே கேட்டாள்: "அப்ப அந்த மாடிக் கட்டிலை யாருக்கும் குடுக்க வேணாம்ங்கறீங்களா டீச்சர்? குடுத்தா வீட்டுல நிறம் போயிடுமே."

"குடுத்துடுங்கக்கா. நிம்மதியாவாச்சும் இருக்கலாம்லா."

ஒலி முகம்மது தேநீரைக் குடித்து முடித்துக் கைக்குட்டையை எடுத்தார். அவ்வளவு கழுவியும் கண் காலையில் இருந்தமாதிரியே சிவப்பாகத்தான் இருந்தது. நீலக் குப்பியில் பாதி மருந்து மிச்சமிருந்தது. அதை எடுத்துப் பூவம்மாவிடம் நீட்டினார்.

"மொதல்ல விட்ட சொட்டையெல்லாம் கழுவியே தள்ளிட்டோம். இன்னொரு சொட்டு விடுங்க தங்கச்சி."

"நானா?" பூவம்மா பின்வாங்கினாள். "என் கையாலயா? வேணாம் பாய். டீச்சர் விடட்டும். நீங்க வேணும்னா ஆஸ்பத்திரிக்கே போயிடுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"எங்கிட்ட வந்த கடியாரத்தைப் பிரிச்சு மாட்டிக் குடுத்தப்புறம், ஒரு திருகாணி மேசையிலயே கெடந்த நாளெல்லாம் எனக்கும் உண்டு. மறுநாளு அதே ஆளு அதே கடியாரத்தை எங்கிட்டதான் கொண்டாருவாரு. வேற யாருகிட்ட போவாரு?" என்று சொல்லி, அவர் முக்காலியில் உட்கார்ந்து முகத்தை அண்ணாந்துகொண்டார். பிழைப்புக்கு இருந்த ஒரே கண்ணை அகலத் திறந்து வைத்தார்.

பூவம்மா சொட்டுக்குழாயை எடுத்தாள். குழாயின் நுனியில் சொட்டு திரண்டு தொங்கியது. அதற்குள் கடையும், வாசலும், தெருவும் தலைகீழாகத் தெரிந்தன. நிறம் என்று ஒன்றும் இல்லை. அவள் வாயைத் திறக்காமல், வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலையை ஒரு வேலையாக மட்டும் செய்து, சொட்டை விட்டாள்.

ஒலி முகம்மது கண்ணை இறுக மூடிப் பல்லைக் கடித்தார்.

"எரியுதா பாய்?"

"நல்லா எரியுதுலா!"

அன்றைக்குப் பூவம்மா கேட்ட சொற்களிலேயே அவ்வளவு இனிப்பானது வேறு இல்லை.